சாவு வீட்டுச் சோறு

மார்ச் 2, திங்கள்

நாற்பத்திரண்டு மீன். இந்தப் பருவத்தில் ஒரே நாளில் இவ்வளவு அளந்தது இதுதான் முதல் தடவை. விரலெல்லாம் விறைத்துப்போய் பேனா பிடிக்க வரவில்லை.

ஆய்வுக் குறிப்பேடு தனியாக இருக்கிறது. இந்த நோட்டு எனக்கு. தமிழில் எழுதினால் இந்தக் கொரியத் துறைமுக ஊரான பூசானில் எட்டிப் பார்த்துப் படிக்க ஆள் கிடையாது. யாரைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

என் வேலை கானாங்கெளுத்திக்கு வயசு பார்ப்பது. தூத்துக்குடியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ஒவ்வொரு மீன் தலைக்குள்ளும் நொய்யரிசி அளவில் இரண்டு காதுக்கல் இருக்கும். அதை எடுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வருஷத்துக்கு ஒரு வளையம் தெரியும். அதற்கு முதலில் முழு மீனின் நீளம் வேண்டும். அது எந்தக் கடலில் எந்தத் தேதியில் பிடிபட்டது என்று தெரிய வேண்டும். பிறகு தலை வேண்டும். ஜகால்ச்சி மீன் சந்தையில் பதினான்கு கடைகளில் கேட்டேன். பதின்மூன்றில் விரட்டினார்கள். பதினாலாவது ஓக்ஜா.

திங்களும் வியாழனும் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை அவள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருவேன். பெட்டியிலிருந்து மீனை எடுத்துப் பலகையில் வைப்பாள். அவள் கத்தியைத் தூக்குவதற்குள் நான் அளந்துவிட வேண்டும். எனக்காக ஒரு நொடி தாமதிக்க மாட்டாள். உடல் வாடிக்கைக்காரருக்கு, தலை என் வாளிக்கு. அவள் வீட்டுக்காரர் பேக், பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விடியற்காலை ஏலத்திலேயே படகுக்காரர்களிடம் கேட்டு, பெட்டி மூடியில் எனக்காகச் சாக்பீஸால் எழுதி வைப்பார். ஜேஜு தீவுக்குத் தெற்கே, இன்ன தேதி. என் ஆய்வில் பாதி அந்தச் சாக்பீஸ் எழுத்துதான்.

இந்த ஊரில் கடைக்காரப் பெண்களை ‘இமோ’ என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் தங்கை, நம் சித்தி. ஓக்ஜா இமோவுக்கு அறுபத்தாறு வயது. பூசான் பேச்சைக் கேட்டு, சியோல்காரர்கள் சண்டை நடக்கிறது என்று ஒதுங்கிப் போவார்களாம். எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே காதில் விழுகிறது. அதனால் இமோ பேசுவதை இந்த நோட்டில் தூத்துக்குடி வாயிலேயே எழுதிவைக்கிறேன். சந்தனக்கனி என்கிற பெயர் அவள் நாக்கில் புரளவில்லை. கனியா ஆகிவிட்டேன்.

“ஏளா கனியா, சோறு தின்னியா?” என்றுதான் ஆரம்பிப்பாள். தின்றாலும் தின்னாவிட்டாலும் தின்னாச்சு என்பேன். யாரிடமும் சோறு கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

மார்ச் 5, வியாழன்

கடை நீலத் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. பேக் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். நுரையீரல் கோளாறு.

மீன் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

துக்கம் கேட்கப் போய்வந்தேன்.

அறைத்தோழி லுத்மிலா தன் கறுப்பு உடையை இரவல் கொடுத்தாள். தாஷ்கண்டில் பிறந்த கொரியப் பெண். கொள்ளுத்தாத்தா காலத்தில் அங்கே போன குடும்பம். முகம் கொரியா, நாக்கு ரஷ்யா. ரயில் நிலையத்துக்கு எதிரே ரஷ்ய எழுத்துப் பலகைகளும் சீனர்களின் அலங்கார வளைவும் பிலிப்பைன்ஸ் கடைகளும் இடித்துக்கொண்டு நிற்கும் தெருவில் ஒரு உஸ்பெக் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள். கடைத்தெருவில் அவள் ஒரு வார்த்தை தடுமாறினால், கொரியக்காரிக்குக் கொரிய மொழி தெரியாதா என்று திட்டு விழும். நான் அதே வார்த்தையைத் தப்பும் தவறுமாகச் சொன்னால் கைதட்டுவார்கள். இந்த அநியாயத்தை அவள் தினமும் எனக்குச் சொல்லிக்காட்டத் தவறுவதில்லை.

இங்கே சாவு வீடு என்பது வீடே இல்லை. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு தளம். மூன்று நாள் அங்கேயே. வெள்ளைச் சாமந்திக்கு நடுவில் பேக்கின் படம். எனக்கு முன்னால் போனவர்களைப் பார்த்து அப்படியே செய்தேன். படத்துக்கு இரண்டு முறை விழுந்து கும்பிட்டேன், வீட்டாருக்கு ஒரு முறை. இமோ கறுப்பு உடையில் தலைமுடியில் வெள்ளைத் துணி செருகிக்கொண்டு நின்றாள். என் கையைப் பிடித்தாள், விடவில்லை. நான்தான் மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

இமோவின் மருமகள் ஹான் என்னைப் பக்கத்துக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். வியட்நாம்காரி, ஹைபோங் துறைமுகத்து ஊர்ப் பெண். தாழ்வான மேசையில் உட்காரவைத்துச் சிவப்பாக ஒரு மாட்டிறைச்சிக் குழம்பு, சோறு, அவித்த பன்றிக்கறி, அரிசிப் பலகாரம் எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவையும். கைகூப்பிவிட்டு எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

எல்லாம் முறைப்படிதான் செய்தேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றினேன். இரவல் வாங்கிய உடையோடு ஏன் நனைகிறாய் என்று லுத்மிலா கதவைத் தட்டிக் கேட்டாள்.

அப்பா போனபோது இதில் எதையும் செய்யக் கொடுத்துவைக்கவில்லை. போன வருஷம் ஜனவரி. டிக்கெட் கிடைக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

தார்ப்பாய்.

மார்ச் 12, வியாழன்

கடை திறந்திருந்தது. முக்காலியைக் காணோம்.

“வாங்க. என்ன வேணும், சொல்லுங்க” என்றாள்.

யாரையோ சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. இரண்டு வருஷமாக ஏளா, வாளா, போளா என்று பேசியவள் எனக்கு மரியாதை கொடுக்கிறாள். இமோ, நான் கனி என்றேன். “தெரியும். கூட்டம் நிக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள்.

தள்ளி நின்றேன். தலைகளைக் கழிவுப் பீப்பாயில் போட்டாள். அத்தனையும் நல்ல தலைகள்.

மார்ச் 13, வெள்ளி

என் பேராசிரியர் (நாம் என்பது அவர் பெயர்) கூப்பிட்டுக் கேட்டார். மூன்று தவணை மாதிரி வரவில்லை, என்ன காரணம் என்றார். ஏப்ரல் கடைசியில் படகுகளைக் கட்டிப்போட்டு விடுவார்கள். ஊரைப் போல இங்கேயும் தடைக்காலம் உண்டு. அதற்குள் வரிசை விட்டுப்போனால் இரண்டு வருஷ வேலைக்கு அர்த்தமில்லை, என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் அவரால் முடியாது. அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று சொல்லிவைத்தேன்.

எப்படிச் சரியாகும் என்று தெரியாது. சரியாக்கிவிடுவேன் என்பது தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

கும்பிட்டதில்தான் தப்பு நடந்திருக்க வேண்டும் என்று லுத்மிலா தீர்ப்புச் சொன்னாள். தாஷ்கண்டில் இருக்கும் அத்தைக்கு போன் போட்டாள். அத்தை அரைமணி நேரம் பேசினார். எந்தக் கை மேலே, எந்த முழங்கால் முதலில், பூவின் முகம் எந்தப் பக்கம். குளிர்சாதனப் பெட்டியை இறந்தவராக வைத்து நான் பத்துத் தடவை விழுந்து எழுந்தேன். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். அத்தை கடைசியில், நான் கொரியாவுக்கு வந்ததே இல்லையே, இப்போது எப்படியோ என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

அம்மா இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மார்ச் 16, திங்கள்

ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். “எதுக்குங்க இதெல்லாம்” என்று பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டாள். ஒரு மணி நேரம் நின்றேன்.

மார்ச் 19, வியாழன்

நின்றேன். கண்மட்டத்தில் முப்பது மீனுக்கு நீளம் குறித்தேன். ஆய்வுக்கு உதவாது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

மார்ச் 23, திங்கள்

மழை. நின்றேன்.

மார்ச் 26, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது.

ஐஸ் அள்ளும் இடத்தில் ஹான் இருந்தாள். அவளுக்கும் எனக்கும் அரைகுறைக் கொரிய மொழிதான், அதனால் சுற்றி வளைக்க முடியாது. நேராகக் கேட்டாள்.

“அன்னைக்கு ஏன் நீங்க சாப்பிடல?”

அவள் ஐஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அந்தச் சாப்பாடு ஓட்டல் சாப்பாடு மாதிரி இல்லை. இறந்தவர் வந்தவர்களுக்குக் கடைசியாகப் போடும் சோறு. உட்கார்ந்து தின்றால்தான் துக்கத்தில் பங்கெடுத்ததாக அர்த்தம். அவள் அத்தை, அதாவது இமோ, ஒவ்வொரு மேசையாக வந்து உட்கார்ந்தாளாம். என்னுடைய வெளிநாட்டுப் பெண் வருவாள், பாருங்கள் என்று சொந்தக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாளாம். அவர்களோடு என் மேசைக்கு வந்தபோது குழம்பு ஆடை படிந்து கிடந்தது. ஆள் இல்லை.

மதம், கிதம் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. ஆடு, மாடு, பன்றி எதையும் விடாதவள் நான் என்று இமோவுக்கு நன்றாகவே தெரியும்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சாவு வீட்டில் எவளாவது உட்கார்ந்து சாப்பிடுவாளா? எங்கள் தெருவில் ஒரு சாவு என்றால், எடுக்கும்வரை அக்கம்பக்கத்து வீடுகளில்கூட உலை வைக்கத் தயங்குவார்கள். போயிட்டு வரேன் என்று வாய் தவறிச் சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறாயா என்று அடிக்க வருவார்கள். துக்கம் கேட்டோமா, சத்தமில்லாமல் எழுந்து வந்தோமா என்று இருக்க வேண்டும். ஒழுங்காக வளர்ந்த பெண் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தேன். அதற்கா இந்தத் தண்டனை.

இதையெல்லாம் ஹானிடம் தமிழிலேயே சொல்லித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத அத்தைகிட்டச் சொல்லுங்க” என்றாள்.

சொல்கிறேன். திங்கட்கிழமை.

மார்ச் 29, ஞாயிறு

சொல்ல வேண்டியதைக் கொரிய மொழியில் ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன். லுத்மிலா திருத்தினாள். அவள் திருத்தியதை ரொட்டிக்கடை முதலாளி திருத்தினார்.

மார்ச் 30, திங்கள்

சொன்னேன். ஒரு வரி விடாமல்.

இமோ கத்தியைக் கீழே வைத்துக் கேட்டாள். வாடிக்கைக்காரி ஒருத்தி காத்திருந்தாள், அவளைக்கூடப் பார்க்கவில்லை. நான் முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க ஊரு வழக்கம் அப்படின்னா அதுல தப்பில்லங்க. நான் ஒத்துக்கிடுதேன். ஆனா நான் அன்னைக்குச் சொந்தக்காரங்களக் கூட்டிக்கிட்டு வரும்போது வாசல்ல இருந்து பாத்தேன். வழக்கத்துக்காகப் போறவ நடந்து போவா. நீங்க ஓடுனீங்க.”

கத்தியை எடுத்துக்கொண்டாள். நானும் வந்துவிட்டேன். நடந்துதான் வந்தேன்.

அவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 31, செவ்வாய்

பேராசிரியர் காரியம் சாதித்துவிட்டார். மீனவர் கூட்டுறவின் குளிர்கிடங்கிலிருந்து வாரம் இரண்டு பெட்டி வரும். படகின் பெயர், இடம், தேதி எல்லாம் அச்சடித்த தாளில். போன வாரங்களின் மீனும் உறைநிலையில் இருக்கிறதாம், விட்டுப்போன வரிசையையும் நிரப்பிவிடலாம். என் ஒப்பந்தம் தப்பித்தது. கைகொடுத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இனி ஜகால்ச்சிக்குப் போகத் தேவையில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

போனேன். நின்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மலைப்படிகளில் செர்ரிப் பூ கொட்டிக் கிடக்கிறது. எங்கள் அறை சோர்யாங் மேட்டில் இருப்பதால் கீழே துறைமுகம் முழுக்கத் தெரியும். பாரந்தூக்கிகளும் பெட்டி அடுக்கிய கப்பல்களும். தூத்துக்குடித் துறைமுகத்தில் அப்பா முப்பது வருஷம் டாலி கிளார்க்காக இருந்தார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடும் வேலை.

இன்று லுத்மிலாவோடு சண்டை. மீன் கிடைத்துவிட்டது, பிறகு எதற்கு அந்தக் கிழவி கடை முன்னால் போய் நிற்கிறாய் என்றாள். பிடிவாதம் என்றேன். யாருக்காகப் பிடிவாதம் என்றாள். நம்மை மதிக்காதவர்களிடம் போய் நிற்கும் பழக்கம் உனக்குக் கிடையாதே, சொந்த அப்பாவுக்கே நீ போகவில்லையே என்றாள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன்.

டிக்கெட்டை அச்செடுத்துக்கொண்டு வந்து கொடுத்ததே அவள்தான்.

இந்த நோட்டை யாரும் படிக்க முடியாது என்று தைரியமாக எழுத ஆரம்பித்தேன். அதில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

டிக்கெட் கிடைத்தது. போன வருஷம் ஜனவரி 16, வியாழக்கிழமை. காலை ஆறரைக்குப் பெட்டியோடு ரயில் நிலையத்து வாசலில் விமானநிலையப் பேருந்துக்கு நின்றேன். முதல் பேருந்தை விட்டேன். இரண்டாவதை விட்டேன். மூன்றாவதில் ஏறுவதற்கு ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், நான் தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். பெட்டியை இழுத்துக்கொண்டு ஜகால்ச்சிக்குப் போய் எட்டு மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தேன்.

அப்பா என் கல்யாணத்துக்கு ஒரு குடும்பத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார், நான் அந்தப் பையனை வேண்டாம் என்று சொல்லி இங்கே வந்தேன். அதற்குப் பிறகு சாகும்வரை என்னோடு பேசவில்லை. அம்மா போனைக் கொண்டுபோய்க் காதில் வைத்தால் எழுந்து போய்விடுவார். உயிரோடு இருக்கும்போது பேசாத மனிதர், நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் பேசிவிடப் போகிறாரா என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் போயிருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

ஹானுக்கு ஐஸ் வாளி தூக்கிக் கொடுத்தேன். இமோ பார்த்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

பதினோரு வாளி ஐஸ். இமோ ஹானிடம், “அவங்களுக்கு எதுக்கு இந்த வேல, துணி நனையுதுல்ல” என்று சொன்னது காதில் விழுந்தது. துணி நனைந்தால் காய்ந்துவிடும்.

ஏப்ரல் 16, வியாழன்

வரும் 22ஆம் தேதி பேக்குக்கு நாற்பத்தொன்பதாம் நாள். மலைமேல் இருக்கும் புத்தர் கோயிலில் சடங்கும் சாப்பாடும். நாற்பத்தொன்பது நாள் இங்கேயே சுற்றும் உயிர் அன்றைக்குத்தான் கிளம்பிப் போகுமாம். ஹான் சொன்னாள். அத்தை உங்களைக் கூப்பிடச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன் என்றாள்.

எங்கள் ஊரில் சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காதில் விழுந்தால் போக வேண்டியதுதான். இந்த ஒரு வழக்கத்தையாவது ஒழுங்காகப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

லுத்மிலா கறுப்பு உடையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவை நனைக்காதே என்றாள். சண்டை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 22, புதன்

இரண்டு பேருந்து மாறி, அதன் பிறகு இருநூறு படி ஏறிப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். இருபது பேர்தான். மொட்டைத்தலைத் துறவி ஒருவர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஒரே சுரத்தில் ஓதினார். நான் கடைசி வரிசையில் நின்றேன். மற்றவர்கள் விழுந்தபோது விழுந்தேன். முழங்கால் வலித்தது. பேக்கின் உடைகளை வெளியே ஒரு தொட்டியில் போட்டு எரித்தார்கள். சந்தைக்குப் போட்டுவரும் பச்சைக் குளிர்ச்சட்டையும் அதில் இருந்தது. இமோ அழவில்லை. புகை அடிக்கிற பக்கமாகவே நின்றாள்.

பிறகு சாப்பாட்டுக் கூடம். சோறு, நாலைந்து கீரை, சோயாவிழுதுக் குழம்பு. கோயில் ஆனதால் மீனும் கறியும் இல்லை. நான் ஓரத்து மேசையில் உட்கார்ந்தேன். கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஹான் எனக்கு எதுவும் கொண்டுவரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றேதான்.

இமோ ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து எழுந்து வந்தாள். கடைசியில் என் முன்னால் நின்றாள். “வந்துட்டீங்களா” என்றாள்.

நான் நினைத்து வந்தது வேறு. மறுபடியும் ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“இமோ, எனக்குப் பசிக்கி. சோறு போடுங்க.”

முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருவரிடம் சோறு கேட்டேன். முகம் சுட்டது. இமோ உள்ளே போய் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். நான் இரண்டு வாய் தின்றேன். இறங்கியது. மூன்றாவது வாய்க்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு நான் ஓடித்தான் போனேன்.”

“அதான் எனக்குத் தெரியுமே.”

அதன் பிறகு மனப்பாடம் எதுவும் தேவைப்படவில்லை. தப்புத் தப்பாகக் கொரிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, பேசாமல் இருந்தது, டிக்கெட், மூன்று பேருந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தது. அந்தப் பெட்டியா, ஊருக்குப் போகப்போகிறாய் என்றல்லவா நினைத்தேன் என்று இமோ இடையில் கேட்டாள். அவளுக்கு நினைவிருக்கிறது. நான் தலையாட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“ஏளா, அன்னைக்கு உனக்கு யாரு சோறு போட்டா?” என்றாள்.

நாற்பத்தொன்பது நாளுக்குப் பிறகு அந்த ‘ஏளா’.

“நீங்கதான்.”

அதுதான் உண்மை. அதுதான் என்னைத் துரத்திய உண்மை. அன்றைக்கு அவள் வழக்கம்போலக் கேட்டாள், எனக்குப் பொய் வரவில்லை, இல்லை என்றுவிட்டேன். தன் மதியச் சோற்று டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தாள். ஊரில் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். இன்னும் எடுக்கவில்லை. அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அவருக்கு ஒரே மகள். மீன் சந்தையில் முக்காலியில் உட்கார்ந்து சோறு தின்றேன். நன்றாகப் பசித்தது, ருசியாக இருந்தது. என்னால் மன்னிக்க முடியாதது அந்த ருசியைத்தான். பெற்ற அப்பாவுக்கு ஒரு வேளை பட்டினி கிடக்காதவள், பேக்கின் சாவு வீட்டில் என் முன்னால் குழம்பை வைத்ததும் அத்தனையும் நெஞ்சுக்கு ஏறி, எழுந்து ஓடினேன். வழக்கம் என்று சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

இதையும் சொன்னேன். பாதி வார்த்தை கிடைக்கவில்லை, கையைக் காட்டினேன், வயிற்றைக் காட்டினேன். இமோவுக்குப் புரிந்தது. அவள் என்னைத் தேற்றவில்லை. நெற்றியைச் சுருக்கி எதையோ நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு டப்பாவ வழிச்சு வச்சிட்ட நீ. ஒரு பருக்க மிச்சமில்ல. பனிக்காலம், கூட்டம் வேற. நான் வீடு போய்ச் சேருத வரைக்கும் ஒண்ணும் தின்னல. இந்த மனுசன்கூட, என்ன இன்னைக்கு விரதமான்னு கேலி பண்ணுனாரு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அப்போ உங்கப்பாவுக்கு நான் பட்டினி கெடந்திருக்கேன். ஒரு ஆளு கெடந்தாப் போதும்ல. நீ தின்னு.”

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் நிறைத்து வந்தாள். அழுதுகொண்டே தின்றேன். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொண்டு தின்றேன். அவள் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். இவள்தான் அந்த வெளிநாட்டுப் பெண்ணா என்று ஒருவர் கேட்டார். “ஆமா, நல்லா தின்னுவா” என்றாள் இமோ.

எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் சத்தமில்லாமல் வாசல்வரை வந்து செருப்பை மாட்டினேன். இமோ பின்னாலேயே வந்துவிட்டாள்.

“நாளைக்கு வியாழக்கெழம. எட்டு மணிக்குப் பிந்தாத. படகு கட்ட ஒரு வாரந்தான் இருக்கு. சாக்பீஸ் எழுத ஆளு இல்ல, நீயே ஏலத்துல போய்க் கேட்டுக்கிடணும், சொல்லிட்டேன்.”

சரி என்று தலையாட்டினேன்.

“இந்தத் தடவயாவது சொல்லிக்கிட்டுப் போ.”

சடங்கு முடிந்த வாசல். உள்ளே பேக்கின் படம் இன்னும் எடுக்காமல் இருக்கிறது. எங்கள் ஊரில் இந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் வாயிலேயே போடுவார்கள்.

“போயிட்டு வரேன், இமோ” என்றேன்.